ஏழுக்கு நான்கு

சேரம்பாடிக்குக் கீழே
மாநில எல்லை முழங்கால் ஆழம்.
மார்ச்சில் கணுக்கால்.
இந்த ஏப்ரலில்
செருப்பு நனையாமல் கேரளா போய்
சீட்டுக் காசு கட்டிவிட்டுத் திரும்பினேன்.

அக்கரையில் இதைத் தோடு என்பார்கள்.
"தோடு வற்றிப்போயி, யோகராணி"
என்றான் பீரான்.
கை தானாகக் காதுக்குப் போனது.
அதுவும்தான்,
பந்தலூர் அடகுக் கடையில், ஆறு மாதமாக.

இக்கரை மோட்டார் எனக்கு.
அக்கரை மோட்டார் அவனுக்கு.
ஊற்றுக்குழி ஒன்றுதான்.
என் குழாய் இழுக்கும்போது
அவனுடையது காற்றைக் குடித்து இருமும்.
என்னுடையது இருமும் நாளில்
மூன்று லயத்துப் பெண்களும் குடத்தோடு வந்து
என் வாசலில் நின்று
என் பிறப்பு வளர்ப்பையெல்லாம் விசாரிப்பார்கள்.

மணல் மூட்டை அடுக்கினோம்,
இரவில் அவர்கள் பிரித்தார்கள்.
அவர்கள் அடுக்கினார்கள்,
நாங்கள் பகலிலேயே பிரித்தோம்.
மிஞ்சிய சாக்கில் மட்டை அரிசிப் படம் இருந்ததை
முருகையா சாட்சியாகத் தூக்கிக் காட்டினான்.
அந்த அரிசியைத்தான்
அவன் வீட்டிலும் பொங்குகிறார்கள்.

வியாழக்கிழமை இரண்டு ஜீப் வந்தது.
பாலத்தின் நடுவே பிளாஸ்டிக் மேசை,
இரண்டு கால் அங்கே, இரண்டு கால் இங்கே.
யாரும் தண்ணீருக்கு இறங்கவில்லை.
வீட்டை எண்ணி, தலையை எண்ணி,
கால்குலேட்டரைத் தட்டி, ஒருவர் சொன்னார்:
"ஊற்று தாங்குவது பதினொரு மணி நேரம்.
ஏழுக்கு நான்கு.
ஏழு உங்களுக்குத்தான், அம்மா."

பின்னால் யாரோ கை தட்டினார்கள்.
எனக்குக் காது அடைத்தது.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
நான் பிறக்கும் முன்
இரண்டு நாடுகள் ஒரு மேசையில் உட்கார்ந்து
கொழுந்து பறித்தவர்களைப் பங்கு போட்ட கணக்கு.
ஏழு பேர் கப்பல் ஏறினால்
நான்கு பேர் அங்கேயே இருக்கலாம்.
அப்பா ஏழில் வந்தார்.
அத்தை நான்கில் நின்றாள்.
ஒரே காம்பரா, ஒரே அடுப்பு,
வீட்டுக்கு ஒரு குண்டான்.
குண்டானை அத்தை வைத்துக்கொண்டாள்.
மூடி எப்படியோ அப்பாவின் மூட்டைக்குள் வந்துவிட்டது,
தலைமன்னார் தாண்டி, மண்டபம் முகாம் தாண்டி,
இந்த மலை வரைக்கும்.
இங்கே எந்தப் பாத்திரத்துக்கும் அது பொருந்தவில்லை.
மோட்டார் சுவிட்சு நனையாமல் இருக்க
மேலே கட்டி வைத்திருக்கிறேன்.

கணக்கில் பிழை இல்லை.
கூட்டினால் பதினொன்று சரியாக வரும்.

கையெழுத்துப் போட்டேன்.
போடாமல்?
ஏழு மணி நேரத்தை வேண்டாம் என்றுவிட்டு
லயத்துக்குள் நடந்துபோக
எனக்கென்ன பித்தா.
பீரானும் போட்டான்,
பேனாவை என்னிடம் நீட்டும்போது
முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் நேரம் இரவு ஒன்று முதல் ஐந்து.
என் நேரம் ஐந்திலிருந்து பன்னிரண்டு.
ஒரு மிஸ்டு கால் என்றால்
அவன் தொட்டி நிரம்பிவிட்டது.
இரண்டு என்றால், இன்னும் கொஞ்சம்.
இதை எந்த அதிகாரியும் எழுதித் தரவில்லை.
நாங்களும் பேசி வைக்கவில்லை,
எப்படியோ வந்தது.

இன்று காலை இரண்டு அடித்தது.

மணி ஐந்து. பனிக்குள் நிற்கிறேன்.
மூடிக்குக் கீழே என் கை,
சுவிட்சு மேல் விரல்.
அக்கரையில் மோட்டார் விட்டுவிட்டு இருமுகிறது,
நெஞ்சுச் சளிக்காரன் மாதிரி.
மேலே முதல் லயத்தில் விளக்கு எரிகிறது.
யாரோ குடம் விளக்கும் சத்தம்.

ஐந்து இருபதுக்குப் போட்டேன்.

பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
"மின்தடை" என்று எழுதினேன்.
ஏறி வரும்போது
எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.